நீதிமன்றத் தொழில்நுட்ப மானியம்: குறையில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சிறார் வழக்கு, உயில் வழக்கு பார்க்கும் நீதிமன்றத்துக்கு மானிய விண்ணப்பமா? கருவியில் தொடங்காதீர்கள், குறையில் தொடங்குங்கள். ஒரு மூதாட்டிக்குக் காப்பாளரை நியமிக்கலாமா என்ற விசாரணையின் ஒலிப்பதிவை நான் மூன்று முறை கேட்டேன். அந்த மூதாட்டியின் பதில் வரவேண்டிய இடத்தில் ஏசி இரைச்சல்தான் இருந்தது. தன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னது பதிவாகவே இல்லை! விண்ணப்பத்தின் முதல் பத்தி அதுதான்.

மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் தொழில்நுட்ப மானியம் தரத் தொடங்கியது. புது அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாநில நீதிமன்றங்களுக்கு மானியம் தரும் ஸ்டேட் ஜஸ்டிஸ் இன்ஸ்டிடியூட்டும் உண்டு; அது 1984-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தால் உருவானது.

அப்புறம் விலைப்புள்ளி. மைக்கின் விலை மட்டும் போதாது. மானியம் தீர்ந்தபின் பராமரிப்புச் செலவை யார் கட்டுவார்கள் என்றும் எழுதுங்கள். சிறார் கோப்புகளை யார் யார் திறக்கலாம் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.