நைட் டியூட்டி பிபிதானே என்று விட்டுவிடாதீர்கள்

போன வாரம் விடிகாலை நான்கு மணி. வார்டு கொஞ்சம் அடங்கிய நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண் ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பிபி கருவியின் பட்டையைச் சுற்றி, மறு கையில் காபி டம்ளரோடு, பேசிக்கொண்டே தன் பிபியைப் பார்த்தாள். 152/96. "நைட் டியூட்டி பிபிதானே அக்கா, ரெண்டு நாள் தூங்கினா இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு டிரிப் மாற்றப் போய்விட்டாள். நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால்தான் எழுதுகிறேன். உப்பைக் குறை, நட என்பதெல்லாம் நோயாளிகளிடம் நாமே வாய் வலிக்கச் சொல்வது, அதை விடுகிறேன்.

அந்த "தானே"

இதன்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும், ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். ராத்திரி முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடந்துவிட்டு, பகலில் குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் நடுவே நாலு மணி நேரம் படுத்தால் அந்த இறக்கம் ஒழுங்காக வருவதில்லை. சரி, காரணம் நைட் டியூட்டியாகவே இருக்கட்டும். காரணம் தெரிந்துவிட்டால் அழுத்தம் குறைந்துவிடுமா? எனக்கு மூன்று வருஷம் 150/100-ஐ ஒட்டியே வந்தது. ஆஃப் நாளில் ஒரே ஒருமுறை 134 வந்ததைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். அப்புறம் வேறு எதற்கோ எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. அது ரெண்டு நாள் தூக்கத்தில் சரியாகிற விஷயம் இல்லை.

காபி குடித்து அரை மணி கழித்து, ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் கையில், பேசாமல் பாருங்கள். தூங்கி எழுந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, ஒரு வாரம் வீட்டில் குறியுங்கள், நைட் வாரத்தில் தனியாக ஒருமுறை. சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். 24 மணி நேர பிபி கருவி மாட்டினால், நீங்கள் தூங்கிய நேரத்தை அவர்களிடம் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் விழித்திருந்த இரவைத் தூக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பிபி மாத்திரையை நைட் வாரத்தில் விடுவது

காலை மாத்திரை நேரத்தில் நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்போம், அப்படியே மறந்துபோகும். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே எந்த ஷிஃப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கால் வலிக்கு தினமும் டைக்ளோஃபெனாக்

இந்த வலி மாத்திரை பிபியை ஏற்றும். நிறுத்துங்கள்.

ஸ்டாக்கில் இருக்கும் அல்பிரசோலம்

தூக்கம் வரவில்லை என்று இந்தப் பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

விடிகாலை மூன்று மணிக்கு மேல் காபி

காலை எட்டு மணிக்குப் படுக்கும்போது அதிலுள்ள கஃபீனில் கிட்டத்தட்ட பாதி உடம்பில்தான் இருக்கும்.

அந்தப் பெண்ணை வீட்டில் குறித்துவரச் சொன்னேன். நான்கு நாள் ஆகிறது, ஒன்றுகூட 140-க்குக் கீழே இல்லை. நாளைக்கு டியூட்டி முடிந்ததும் மெடிசின் ஓபிக்கு நானே கூட்டிப்போகிறேன்.