மலைப் புல்வெளியில் தரை ஆர்க்கிட்: தேடுவதும் படம் எடுப்பதும்

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் பூக்கும் தரை ஆர்க்கிட்களுக்கு மட்டும்தான் இந்தப் பதிவு. மரத்தில் ஒட்டி வளர்பவற்றுக்குப் பருவமும் வேறு, லென்ஸும் வேறு.

படி 1: பருவம்
பூக்காத மாதங்களில் இவற்றில் பல மண்ணுக்கடியில் வெறும் கிழங்காகக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை சற்று ஓயும் நாட்களில் போங்கள். ஐநேச்சுரலிஸ்டில் (செடி, உயிரினங்களைப் பார்த்தவர்கள் படத்தோடு பதியும் இணையதளம்) மாதவாரியாகப் பதிவுகளைப் பார்த்தால் எது எப்போது பூக்கும் என்று பிடிபட்டுவிடும்.

படி 2: இடம்
காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் அதற்குத் தேவையும் இருக்காது. சாலைக்காக வெட்டிய சரிவு, நீர் கசியும் பாறை, சோலையை ஒட்டிய புல் விளிம்பு, இவையே போதும். ஒரு செடி கண்ணில் பட்டதும் அப்படியே நின்று காலடியைப் பாருங்கள். பூக்காத இளஞ்செடிகள் பக்கத்திலேயே புல்லோடு புல்லாக இருக்கும், மிதிபடுவது அவைதான்.

படி 3: பக்கவாட்டுப் படம்
எல்லோரும் பூவை நேர் எதிரே எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னதென்று உறுதி செய்ய அது போதாது. சாட்டிரியம் நேபாலென்ஸ் என்ற தரை ஆர்க்கிடை எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புப் பூங்கதிர். ஒவ்வொரு பூவிலும் உதட்டிதழ் மேல்பக்கமாக முக்காடு போலக் கவிந்திருக்கும். அதன் பின்னாலிருந்து மெல்லிய தேன்குழல்கள் இரண்டு கீழ்நோக்கி இறங்கும். எதிரே நின்றால் அந்த இரட்டைக் குழல் தெரியவே தெரியாது. ஹேபினேரியா என்ற இன்னொரு தரை ஆர்க்கிட் பேரினத்தின் வெள்ளைப் பூ வகைகளிலும் குழலின் நீளம் முக்கியமான அடையாளம். ஆகவே கதிருக்குப் பக்கவாட்டில் படுத்து, கேமராவைப் பூவின் மட்டத்துக்கு இறக்கி, குழலின் நுனிவரை ஃபோகஸில் வருமாறு லென்ஸ் திறப்பை எஃப் 11-இல் வைத்து எடுங்கள். பிறகு இலை, தண்டின் அடிப்பகுதி, சுற்றுப்புறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

வெள்ளைப் பூவுக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) முக்கால் ஸ்டாப் குறையுங்கள். இல்லாவிட்டால் இதழின் நரம்பெல்லாம் வெளுத்துப்போகும்.

படி 4: கருவி
மிக நெருக்கத்தில் படம் எடுக்க 100 எம்எம் மேக்ரோ லென்ஸும் ஒரு குடையும். குடை காற்றையும் வெயிலையும் சேர்த்துத் தடுக்கும். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் வேண்டாம், பூ தட்டையாகிவிடும். மறைக்கும் புல்லைப் பிடுங்காதீர்கள். துணிக் கிளிப்பால் ஒதுக்கி, முடிந்ததும் விட்டுவிடுங்கள். அந்தப் புல்தான் மாட்டின் வாயிலிருந்தும் மனிதர் கையிலிருந்தும் செடியை மறைக்கிறது.

படி 5: இடத்தை மறைப்பது
அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் பாபியோபெடிலம் டுரூரி என்ற ஆர்க்கிடை அழிவின் விளிம்புக்குத் தள்ளியவர்களில் ஆர்க்கிட் சேகரிப்பாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அரிய செடி என்றால் ஊர்ப் பெயரைக்கூடப் போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் இருப்பிடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது.

பின்சேர்க்கை: "வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இருப்பிடம் போகுமா?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் ஜிபிஎஸ் அப்படியே போய்ச் சேரும். கேமரா செயலியில் இருப்பிடப் பதிவை மலையேறும் முன்பே அணைத்துவிடுங்கள்.