கீரைக்கு உரம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி புதிதாக முளைக்கீரை விதைத்திருக்கிறார். போன வாரம், விதைத்து 18 நாளான பாத்தியில் யூரியாவை இறைத்துக்கொண்டிருந்தார். "மூன்று நாளில் பிடுங்கப் போகிறேன் அண்ணே, கருகருவென்று வந்துவிடும்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. விதையை நெருக்கிப் போடுவது, தண்ணீரை அதிகம் விடுவது எல்லாம் இரண்டு போகத்தில் தானாகத் திருந்திவிடும். இது திருந்தாது, ஏனென்றால் இதற்கு விலை கிடைக்கிறது.

பிடுங்கும் நேரத்தில் யூரியா

நானும் ஒரு கார்த்திகையில் இதைச் செய்தேன். ஐந்து நாள் மப்பு, வெயிலே இல்லை. கீரை தளதளவென்று நின்றது, கட்டு கனத்தது, வியாபாரி மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வைத்திருந்த கட்டை மறுநாள் அவிழ்த்தால் உள்ளே வழவழவென்று அழுகியிருந்தது. கனம் முழுக்கத் தண்ணீர்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி வேர் வழியே ஏறுகிறது. ஏறிய நைட்ரேட்டைச் செடி புரதமாக்க வெயில் வேண்டும், நாளும் வேண்டும். இரண்டையும் கொடுக்காமல் பிடுங்கினால் அது அப்படியே தங்கிவிடும். இலையைவிடக் காம்பிலும் தண்டிலும்தான் அதிகம் தேங்கும். தழைச்சத்து மிஞ்சினால் வைட்டமின் சி-யும் குறைகிறது. நிறம் மட்டும் ஏமாற்றும்: பச்சையம் கூடுவதால் இலை சத்தானதுபோல் தெரியும்.

இப்படி வளர்ந்த கீரையைச் சமைத்து வெளியே வைத்துவிட்டால் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடும். கைக்குழந்தைகளுக்கு அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே தடுக்கும். நம் கட்டு யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

மக்கிய தொழு உரத்தை அடியுரமாகப் போட்டு, 25 நாள் பயிருக்கு மேலுரத்தைப் பத்தாம் நாளோடு நிறுத்திவிடுகிறேன். மப்பாக இருந்தால் அதுவும் கிடையாது. பகல் முழுக்க வெயில் குடித்த கீரையில் நைட்ரேட் குறைவு என்பதால் பிடுங்குவது சாயங்காலம்தான்.

வெளுத்த இலைக்கெல்லாம் யூரியா

அடியிலை மஞ்சளித்தால்தான் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். அங்கே யூரியா போட்டுப் பயனில்லை.

மணிச்சத்தைக் கொட்டுவது

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிஞ்சினால் துத்தநாகம் செடிக்குச் சரியாக ஏறாது.

பச்சைச் சாணம்

கீரைக்கு வேண்டவே வேண்டாம். இலை மண்ணை ஒட்டி வளர்கிறது. கிருமியும் அதோடு வீட்டுக்கு வரும்.

அந்தத் தம்பியிடம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரை பாத்தியில் கை வைக்கவில்லை.