இங்க்ஸ்கேப்பில் மூடாத வளைகோடு: 'ழ'வில் விழுந்த பிசிறு

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 'ழ' வரைந்து வினைல் ஸ்டிக்கராக வெட்டக் கொடுத்தேன். திரையில் எழுத்து கறுப்பாக, முழுசாக இருந்தது. வெட்டி வந்ததில் மட்டும் சுழியின் ஓரத்தில், ஒரே இடத்தில் பிசிறு. உரித்தால் அங்கேதான் கிழியும்.

கடையில் பிளேடு மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. கன்ட்ரோல் + எல் அழுத்திப் பாதையை, அதாவது எழுத்தின் உருவத்தை வரையும் கோட்டை, எளிமையாக்கினேன். புள்ளிகள் குறைந்தன, எழுத்தும் நெளிந்தது, பிசிறு போகவில்லை. ஓரக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே ஒரு சின்ன வெட்டு. கோட்டு முனையை உருண்டையாக்கியதும் அது மறைந்தது, திரையில் மட்டும். வெட்டும் கருவிக்குக் கோட்டின் தடிமனோ முனையோ தெரியாது, பாதைதான் தெரியும்.

கடைசியில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எக்ஸ் அழுத்தி, படத்தின் மூலக் குறியீட்டைக் காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்தேன். மூடிய பாதை என்றால் அதன் வடிவத்தைச் சொல்லும் 'டி' பண்பின் முடிவில் 'இசட்' எழுத்து இருக்கும். இங்கே இல்லை. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, இணையவே இல்லை. திறந்த பாதைக்கும் இங்க்ஸ்கேப் நிறம் நிரப்பும் என்பதால் கண்ணில் படவில்லை.

புள்ளிகளைத் திருத்தும் நோடு கருவியை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் பெட்டி இழுத்தேன். சொடுக்கினால் ஒரு புள்ளிதான் சிக்கும், பெட்டி இழுத்தால்தான் கீழே நிலைப்பட்டியில் இரண்டு என்று காட்டும். ஷிஃப்ட் + ஜே இரண்டையும் இணைத்தது. அப்புறம் ஷிஃப்ட் + எஸ்: புள்ளியின் இருபுறமும் வளைவைத் தீர்மானிக்கும் கைப்பிடிகள் ஒரே நேர்கோட்டில் நின்று வளைவு வழுவழுப்பானது. ஸ்டிக்கர் கிழியாமல் உரிந்தது, அப்பாடா!

எழுத்தின் உள்வளையத்துக்கும் தனி 'இசட்' உண்டு. அதையும் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்புங்கள்.