சிக்னல் அறுந்துபோகும் மலையில் லொகின் டோக்கன்: சில குறிப்புகள்
ஹட்டன் பக்கம் கொழுந்து நிறுவை பதிய, எல்லயில் அறை புக்கிங் எடுக்க என்று வெப் செயலி எழுதும் தம்பி தங்கைகள் பலர், சிக்னல் அடிக்கடி போகிறதே என்று அக்சஸ் டோக்கனுக்கு (லொகின் செய்தவர் இவர்தான் என்று ஒவ்வொரு தடவையும் சர்வருக்குக் காட்டும் சீட்டு) 30 நாள் ஆயுள் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டோக்கன் பிறர் கைக்குப் போனால் அத்தனை நாளும் அவர் உள்ளே இருப்பார். 15 நிமிடம் போதும். அது முடிந்ததும் மறுபடி லொகின் கேட்காமல் புதிய அக்சஸ் டோக்கன் வாங்க உதவுவது ரெஃப்ரெஷ் டோக்கன். அதை எச்டிடிபிஒன்லி (ஸ்கிரிப்ட் வாசிக்க முடியாது), செக்யூர் (எச்டிடிபிஎஸ் வழி மட்டும் போகும்), சேம்சைட் (பிற தளங்கள் கிளப்பும் கோரிக்கையோடு போவதைக் கட்டுப்படுத்தும்) மூன்றும் போட்ட குக்கீயில் வையுங்கள். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் பக்கத்துக்குள் நுழைந்த எந்த ஸ்கிரிப்டும் வாசித்துவிடும்.

ரெஃப்ரெஷ் டோக்கனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் புதியதாக மாற்றுவது நல்ல பழக்கம். ஆனால் இங்கேதான் மலையில் இடிக்கும். சர்வர் புதியதைக் கொடுத்துவிடும். அது போனுக்கு வந்து சேருமுன் சிக்னல் போய்விடும். போன் பழையதையே மறுபடி அனுப்ப, சர்வர் அதைத் திருட்டு என்று எடுத்து, நிறுவைக்கு நடுவில் கங்காணியை வெளியே தள்ளிவிடும். மாற்றிய பிறகும் பழைய டோக்கனை 30 முதல் 60 விநாடி வரை ஏற்கும்படி எழுதுங்கள். அந்த அவகாசம் கடந்து வந்தால் மட்டும் அந்த லொகினை முழுதாக ரத்துச் செய்யுங்கள். நிறுவைக் கணக்கைப் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்புவது இன்னும் பாதுகாப்பு.

டோக்கனில் சர்வர் கையொப்பமிடும் முறை எச்எஸ்256 என்றால், அதன் இரகசியச் சாவி 32 பைட்டுக்குக் குறையக்கூடாது. தோட்டப் பெயரும் வருடமும் சேர்த்த சொல் சாவியாகாது. இரகசியங்கள் உள்ள என்வ் (.env) கோப்பு தவறி, கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஏறிவிட்டால், அழித்தும் பயனில்லை, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) இருக்கும். எல்லோரும் மறுபடி லொகின் செய்ய நேர்ந்தாலும் பரவாயில்லை, முதலில் சாவியை மாற்றுங்கள்.