குக்கி இல்லை, சரி. ஐபி எங்கே போகிறது?

என் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுகிறேன். ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு கோப்பான குக்கி இல்லாமல்தான் எண்ணுகிறேன் என்று, தளத்தின் அடியில் "இங்கே குக்கி கிடையாது" என்று பெருமையாக ஒரு வரி போட்டிருந்தேன். ஒருநாள் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், வந்துபோனவர்களின் ஐபி முகவரிகள் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) எல்லாம் ஹேஷ் வடிவில் (மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றிய எழுத்துக்கோவையாக) இரண்டு வருடமாகச் சேர்ந்து கிடக்கின்றன. ஹேஷ் செய்துவிட்டோமே, அப்புறம் என்ன பயம் என்று நினைத்திருந்தேன். தப்பு.

ஹேஷைத் திருப்ப முடியாது என்பது, உள்ளே போனது ஊகிக்க முடியாததாக இருந்தால்தான் பொருந்தும். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஒன்றுவிடாமல் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறையைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நொடி போதும். ஹேஷ் செய்யும் முன் சால்ட் என்ற ரகசியச் சரத்தைச் சேர்த்திருக்கிறேன் என்பீர்கள். அந்த சால்ட் கான்ஃபிக் ஃபைலில் வருடக்கணக்காக மாறாமல் கிடந்தால், சர்வரைக் கைப்பற்றுகிறவருக்கு அதுவும் சேர்ந்தே கிடைக்கும், நீங்களே நினைத்தாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். பிளாசிபிள் என்ற வருகை எண்ணும் சேவை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: சால்ட் தினமும் மாறும், பழையதை அழித்துவிடுவார்கள். அழிப்பதுதான் இதில் முக்கியம், மாற்றுவது மட்டும் போதாது.

இதற்கு ஒரு விலை உண்டு. இன்று வந்தவர் நாளை வந்தால் புது ஆள். முப்பது நாள் எண்ணிக்கையைக் கூட்டி "மாதம் மூவாயிரம் வாசகர்கள்" என்று சொல்லிக்கொண்டால், தினமும் வரும் உங்கள் மாமா மட்டுமே அதில் முப்பது பேர். மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே ஐபிவி4 முகவரியைப் பங்கிடுவதால் எண்ணிக்கை குறையவும் செய்யும். ஏறும் இறங்கும் போக்கைப் பாருங்கள், தலையை எண்ணாதீர்கள்.

குக்கிக்குப் பதில், உலாவியின் இன்னொரு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு அடையாள எண்ணை வைத்துவிட்டு "நாங்கள் குக்கி பயன்படுத்துவதில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் 2002 இ-பிரைவசி விதி குக்கியோடு நிற்பதில்லை, பயனரின் கருவியில் எதைச் சேமித்தாலும் அதற்குள் வரும். சட்டத்தை விடுங்கள், செய்கிற வேலை ஒன்றுதானே?

பலரும் கவனிக்காத இடம் யுஆர்எல், அதாவது பக்கத்தின் முகவரி. செய்திமடலிலிருந்து வெளியேறும் இணைப்பில் மின்னஞ்சல் முகவரி ஒட்டியிருந்தால், அதுவும் "பார்த்த பக்கம்" என்று அப்படியே பதிவாகும். தளத்துக்குள் ஒருவர் என்ன தேடினார் என்பதும் அதே போலத்தான். அந்த முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டுப் பதியுங்கள். எங்கிருந்து வந்தார் என்று தெரிய டொமைன் பெயர் மட்டும் போதும்.

பக்கத்தில் எண்ணும் ஸ்கிரிப்டே வேண்டாம் என்று, கோஅக்சஸ் என்ற கருவியை வைத்து சர்வர் லாகை (சர்வர் தானே எழுதும் வருகைப் பதிவை) படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லாகில் முழு ஐபி இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? அதில் பாட்களும் (தானாக வந்துபோகும் நிரல்களும்) ஏராளம், எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில், எழுத்துருவைக் கூகுளின் சர்வரிலிருந்து இழுக்கும் கூகுள் ஃபான்ட்ஸை அப்படியே விட்டுவைத்தால், வாசகரின் ஐபி எப்படியும் கூகுளுக்குப் போய்விடும். 2022இல் மியூனிக் நீதிமன்றம் இதே காரணத்துக்கு ஒரு தளத்தை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. எழுத்துருவை இறக்கி நம் சர்வரிலேயே வைக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.