மலைத் தேன் பாட்டிலுக்குக் கீல் மூடி வரைவது எப்படி?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேன் அடைத்து விற்கும் சிறு குழுக்களுக்காகவும், மூடி வடிவமைப்பை முதன்முதலாகக் கற்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் தேன் வரும், கட்டைவிரலால் தட்டினால் மூடி திறக்கும், ஆனால் பாட்டிலை விட்டுப் பிரியாது. ஷாம்பு, சாஸ் பாட்டில்களில் தினமும் பார்க்கிற ஃபிளிப் டாப் மூடிதான்.

மலையில் இந்த மூடி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. திருகு மூடி கையோடு கழன்று வரும். சாலையோரம் காரை நிறுத்தி ரொட்டிக்குத் தேன் ஊற்றுகிறவர் அதைப் புல்லில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அடுத்த மழையில் அது ஓடைக்குள் இருக்கும். பாட்டிலையாவது பொறுக்கி எடைக்குப் போட ஆள் உண்டு. மூடியை யாரும் குனிந்து எடுப்பதில்லை. நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்கே தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல், 3 லிட்டர் வரையுள்ள பானப் பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. தேனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் காட்டிலிருந்து எடுத்த பொருளை விற்கிற நாம் அதைச் செய்வதுதான் சரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தையில் கிடைக்கும் மூடி உங்கள் பாட்டிலுக்குப் பொருந்தி, கசியாமலும் இருந்தால் அதையே வாங்குங்கள். மோல்டு (மூடியை வார்க்கும் இரும்பு அச்சு) செய்வது லட்சக்கணக்கில் போகும் செலவு. நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஒரே பாட்டில், ஒரே மூடி என்று முடிவெடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

படி 1: கழுத்தை அளப்பது

வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள். பாட்டில் கழுத்தில் திருகுமரையின் வெளி விட்டம், மரைக்குக் கீழே கழுத்தின் விட்டம், வாயிலிருந்து தோள் வரை உயரம், இந்த மூன்றையும் அளக்க வேண்டும். கழுத்து அளவை 38/400, 28/410 என்றெல்லாம் சொல்வார்கள். முதல் எண் விட்டம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண் மரையின் வகை: 400 என்றால் ஒரு சுற்று, 410 என்றால் ஒன்றரைச் சுற்று. அளந்ததோடு விடாமல், பாட்டில் விற்பவரிடம் கழுத்தின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அரை கிலோ தேன் பாட்டிலுக்கு 38 வசதியாக இருக்கும். இனி வரும் கணக்குகள் அதற்கானவை.

படி 2: பிளாஸ்டிக்கைத் தேர்வது

பாலிப்ரோப்பிலீன். கடையில் பி.பி. என்று கேட்டால் போதும், மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். கழுத்தில் மாட்டும் உடலும், மேலே திறக்கும் மூடியும், இரண்டையும் இணைத்து மடங்கும் கீலும் ஒரே துண்டாக வந்து, பல்லாயிரம் முறை மடக்கினாலும் தாங்குவது இதில்தான். பாட்டிலும் பி.பி. ஆக இருந்தால் இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே உருக்கலாம்.

பி.பி.யில் ஹோமோபாலிமர், கோபாலிமர் என்று இரண்டு வகை. கீல் நெடுநாள் உழைக்க ஹோமோபாலிமர் நல்லது. ஆனால் 0 டிகிரியை நெருங்கும்போது அது நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில், கடை வாசலில் அடுக்கி வைத்த பாட்டில் கீழே விழுந்தால் மூடி விரிசல் விடலாம். மலையில் விற்கிற சரக்குக்கு நான் கோபாலிமரையே சொல்வேன். சுண்ணாம்புத் தூளோ டால்க்கோ கலந்த தானா (பிளாஸ்டிக் குருணை) வேண்டவே வேண்டாம், கீல் சீக்கிரம் அறுந்துவிடும். உணவுக்கான பி.பி.க்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 10910, அதற்கான சான்றைத் தானா விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். நிறம் சேர்ப்பதானால் நிறமிக்கு ஐ.எஸ். 9833.

இதே மூடியை யூகலிப்டஸ் தைலத்துக்கும் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். தைலம் பி.பி.க்குள் ஊறி அதை உப்ப வைக்கும், பொருத்தமெல்லாம் மாறிப்போகும். தைலத்துக்குக் கண்ணாடி பாட்டிலே இருக்கட்டும்.

படி 3: கீல்

மூடியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். மூடியின் மற்ற சுவர்கள் 1 முதல் 1.2 மி.மீ. தடிமன் இருக்கட்டும். கீல் மட்டும் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை. சுவரிலிருந்து கீலுக்கு வரும் இடம் திடீரென்று மெலியக் கூடாது. வளைவாக இறங்க வேண்டும், 0.75 மி.மீ. ஆரம் கொடுங்கள். நடுவே மெல்லிய பகுதி சுமார் 1.5 மி.மீ. நீளத்துக்குத் தட்டையாக ஓட வேண்டும்.

இந்த 1.5 எதற்கு? மூடி திறந்த நிலையில் வார்க்கப்படுகிறது. மூடும்போது கீல் 180 டிகிரி மடங்குகிறது. மடிப்பின் வெளிப்புறம் எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: தடிமனை 3.14 ஆல் பெருக்கி, தட்டைப் பகுதி நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 0.3 தடிமன், 1.5 நீளம் என்றால் 0.31, அதாவது வெளிப்புறம் 31 சதவீதம் நீள்கிறது. பி.பி. இதைத் தாங்கும். தாங்குவதோடு, அப்படி இழுபடும்போது மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்காக வரிசையாகி முன்பைவிட உறுதியும் ஆகும். அதே கீலை 0.6 தடிமனில் வைத்தால் 63 சதவீதம் நீள வேண்டும், வெளுத்து, பிளந்துவிடும். தடித்தால்தான் பலம் என்று தோன்றும், கீல் விஷயத்தில் அது தவறு.

மடிக்கும்போது உட்புறமாக வரும் பக்கத்தில் கீலை 0.25 மி.மீ. உள்வாங்கி வையுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மடிப்பு ஒரே கோட்டில் நசுங்கி, அந்தக் கோட்டிலேயே கிழியும்.

திறந்த மூடி தானாகச் சாய்ந்து தேன் விழும் வழியை மறைக்காமல் இருக்க, வண்ணத்துப்பூச்சிக் கீல் என்ற அமைப்பு உண்டு. பின்பக்கம் நடுவில் ஒரு பட்டை, இரு பக்கமும் மெல்லிய கீல்கள். பட்டை கீல் கோட்டிலிருந்து சற்று விலகி நிற்பதால், பாதி வழியில் அதிகம் இழுபட்டு, அதைத் தாண்டியதும் தளர்ந்து மூடியைச் சட்டென்று மறுபக்கம் தள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் முதல் வரைவில் 8 மி.மீ. அகலமுள்ள ஒற்றைக் கீல் போதும். அது சரியாக வந்த பிறகு இதற்குப் போங்கள்.

படி 4: தேன் வரும் துளை

ஒரு குழாயில் திரவம் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளையை 5 ஆக்கினால் அதே அழுத்தத்தில் 2.4 மடங்கு தேன் வரும். சமவெளி வெயிலில் 4 மி.மீ. தாராளம். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ காலைக் குளிரில் அதே தேன் பல மடங்கு கெட்டியாக இருக்கும். மலையில் விற்பதற்கு 5-லிருந்து ஆரம்பியுங்கள். துளையின் குழாய் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, 3 மி.மீ. போதும்.

தேன் உறைவதற்கு மிகவும் தோதான வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டியது. நம் ஊர் இரவுகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். துளையின் விளிம்பில் தங்கும் ஒரு சொட்டு உறைந்து மணலாகிவிட்டால் மூடி இறுகப் பொருந்தாது. அதனால் விளிம்பைக் கூர்மையாக, வெளிப்புறம் கீழ்நோக்கிச் சரிவாக வையுங்கள். தேன் இழை சட்டென்று அறுபடும், சொட்டு தங்காது. சிலிக்கோன் வால்வு (அழுத்தினால் மட்டும் திறக்கும் ரப்பர் போன்ற வாய்) வைத்தால் இந்தத் தொல்லை குறையும் என்றாலும் பி.பி.யோடு இன்னொரு பொருள் கலந்துவிடும். நான் சேர்ப்பதில்லை.

படி 5: அடைக்கும் முளை

மூடியின் உள்ளே ஒரு சிறு முளை, அது துளைக்குள் 2 மி.மீ. இறங்கி அடைக்க வேண்டும். துளை 5.0 என்றால் முளை 5.1 முதல் 5.2 வரை. நுனியைச் சாய்வாக்குங்கள். முளை உள்ளே குடைவாக இருந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதை: முளை நேராக இறங்குவதில்லை, கீலைச் சுற்றி வட்டப் பாதையில் வருகிறது. கீலிலிருந்து துளை 20 மி.மீ. தூரத்தில், துளையின் வாய் கீல் கோட்டைவிட 6 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளைக்குள் நுழையும் கணத்தில் முளையின் நுனி கீல் பக்கமாக அரை மி.மீ. விலகியிருக்கும். நாம் வைத்த இறுக்கமோ 0.1, 0.2. முளை ஒவ்வொரு முறையும் விளிம்பில் உரசி, சில வாரத்தில் தேய்ந்து, கசியும். வாயைக் கீல் கோட்டைவிட 1 மி.மீ. மட்டும் உயர்த்தி வைத்தால் இந்த விலகல் ஏறக்குறைய இல்லாமல் போகும். காகிதத்தில் ஒருமுறை வட்டம் போட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

படி 6: கொக்கியும் கட்டைவிரலும்

மூடி தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்ள, முன்பக்கம் 0.2 மி.மீ. புடைப்பு ஒன்று போதும், அதுதான் கொக்கி. அதன்மேல் கட்டைவிரல் நுழையப் பள்ளம், 10 மி.மீ. அகலமாவது. குளிரில் விறைத்த விரலும், வயதானவர் விரலும் திறக்க வேண்டும். ஸ்பிரிங் தராசை மூடியின் முன்விளிம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள். ஒன்றரை கிலோவுக்கும் இரண்டரை கிலோவுக்கும் இடையில் திறந்தால் நல்லது.

படி 7: அச்சிட்டுப் பார்ப்பது

ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுங்கள். வழக்கமான பி.எல்.ஏ. இழையில் கீல் இரண்டு மடிப்பில் ஒடியும். வடிவம் பார்க்க மட்டும் அது. கீலைச் சோதிக்க பி.பி. இழையே வேண்டும். அது மேடையில் ஒட்டாமல் சுருண்டுகொண்டு வரும். பார்சல் ஒட்டும் பழுப்பு நாடாவை மேடையில் ஒட்டி அதன்மேல் அச்சிட்டால் பிடித்துக்கொள்ளும், நாடாவும் பி.பி.தான் என்பதால். கீலுக்கு 0.15 மி.மீ.யில் இரண்டு அடுக்கு. இழை ஓடும் திசை மடிப்புக்குக் குறுக்காக இருக்கட்டும். எடுத்ததும், சூடு ஆறும் முன் ஐந்தாறு முறை முழுக்க மடக்கி விரியுங்கள்.

படி 8: சோதனை

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்து, எடுத்தவுடன் மடக்கிப் பாருங்கள். அப்புறம், மலை தருகிற இலவசச் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் மூடிய பாட்டிலுக்குள் 50 மில்லி காற்று இருந்தால், ஊட்டியில் அது, குளிரால் சுருங்குவதையும் கழித்து, சுமார் 60 மில்லி ஆகப் பார்க்கும். 5 மி.மீ. துளையின் முளையைத் தள்ளும் விசை 40 கிராமுக்குள்தான், அதனால் மூடி திறந்துகொள்ளாது. ஆனால் 38 மி.மீ. கழுத்தின் மொத்தப் பரப்பில் அது இரண்டு கிலோவை ஒட்டி வரும். மரைக்கும் கழுத்துக்கும் இடையில் சீல் சரியில்லை என்றால் தேன் அந்த வழியாக வரும். கசிவு என்றதும் எல்லோரும் முளையைத்தான் சந்தேகிப்பார்கள். நீங்கள் கழுத்தையும் பாருங்கள். மேலே அடைத்துக் கீழே அனுப்பும் சரக்கில் இதற்கு நேர்மாறு நடக்கும், பாட்டில் உள்ளே ஒடுங்கும். ஈரம் அதிகமான மலைத்தேன் புளித்தால் வாயுவும் சேர்ந்து தள்ளும், அதை மூடியால் சரிசெய்ய முடியாது.

எனவே மேட்டுப்பாளையத்தில் பாட்டிலை நிரப்பி, மூடி, டிஷ்யூ தாள் சுற்றி, தலைகீழாகப் பையில் வைத்து ஊட்டிப் பேருந்தில் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலும் சேர்ந்து கிடைக்கும். இறங்கியதும் தாளைப் பிரித்து, ஈரம் முளைப் பக்கமா, கழுத்துப் பக்கமா என்று பாருங்கள்.

படி 9: மோல்டு செய்பவரிடம் பேசுவது

கோயம்புத்தூரில் நல்ல டை மேக்கர்கள் நிறைய இருக்கிறார்கள். வரைபடத்தோடு போகும்போது சில விஷயங்களை நீங்களே கேட்க வேண்டும். பி.பி. ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். எந்த எண்ணை எடுக்கிறார் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் கேட் எங்கே வருகிறது என்பது அதைவிட முக்கியம். உருகிய பிளாஸ்டிக் உடல் பக்கம் நுழைந்து, கீலைக் குறுக்காகக் கடந்து மூடிக்குள் பாய வேண்டும். இரு பக்கமிருந்தும் வந்து கீலில் சந்தித்தால் அங்கே ஒட்டுக்கோடு விழும், கீல் அதிலேயே அறும். மோல்டிலிருந்து விழுந்த மூடியைச் சூட்டோடு யார் மடக்கப்போகிறார்கள், இயந்திரமா, ஆளா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, இரும்பில் வெட்டியதை மேலும் வெட்டலாம், திரும்ப ஒட்டுவது கஷ்டம். அதனால் முளை விட்டம் 5.05, கீல் 0.25, கொக்கிப் புடைப்பு 0.15 என்று எல்லாவற்றையும் குறைத்தே முதலில் வெட்டச் சொல்லுங்கள். முதல் மாதிரி வந்ததும் ஒன்றைக் கீலின் நடுவே பிளேடால் இரண்டாக வெட்டி, அந்த வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தடிமனை அளந்த பிறகு, எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொன்னால் போதும்.